சிலையும் நூலும்: 1915இன் நினைவு குறித்து

கொழும்பு ஹெவ்லொக் நகர்ப் பகுதியில் நிற்கும் ஹென்றி பேதிரிசின் சிலை, அநீதிக்குப் பலியான ஒருவரின் நினைவுச் சின்னமாகும். கொழும்பு நகரக் காவற்படையின் கப்டனாக விளங்கிய அவர், சிங்கள–முஸ்லிம் கலகத்தின்போது இராசத்துரோகம் புரிந்தாரெனக் குற்றஞ்சாட்டப்பட்டு, இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி 1915 யூலை 7ஆந் திகதி வெலிக்கடையிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26. பௌத்த மறுமலர்ச்சியிலும் மதுவிலக்கு இயக்கத்திலும் பேரரசுக்கெதிரான சதியையே கண்ட ஆட்சியாளரின் காழ்ப்பே அத்தீர்ப்பை எழுதிற்று என்பதில் எமக்கு ஐயமில்லை. 2024இல் சனாதிபதி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். (குற்றமிழைக்காதவரை மன்னிப்பது எங்ஙனம் என்பது சட்ட அறிஞர் விடைகூற வேண்டிய வினா.)

மானிப்பாயில் வேர்கொண்ட குடும்பத்தவரான பொன்னம்பலம் இராமநாதன், சட்டசபையில் இராணுவச் சட்டக் கொடுமைகளைக் கண்டித்ததும், போர்க்காலத்திற் கடல்கடந்து இலண்டன் சென்று வாதாடியதும், அக்கலகம் பற்றி 1916இல் அங்கு ஆங்கில நூலொன்றை வெளியிட்டதும் எம்மவர் பெருமையுடன் எடுத்துரைக்கும் செய்திகள். திரும்பிவந்த அவரது வண்டியைச் சிங்களத் தலைவர்கள் தாமே இழுத்துச் சென்றதையும் கூறாது விடுவதில்லை. அவரது துணிவை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் நூலையும் சிலையையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து, இரண்டிலும் ஒரே வெற்றிடம் புலப்படுகின்றது.

கலகத்தில் 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 4,000க்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. இராமநாதனின் நூலிலோ முஸ்லிம்கள் பெரிதும் கலகத்தைத் தூண்டியவராகவே காட்சியளிக்கின்றனர். அது வழக்கறிஞரின் வாதம். கட்சிக்காரர் சிங்கள மேன்மக்கள். போர்க்கால விலையேற்றமும், கரையோர முஸ்லிம் வணிகருடன் உள்ளூர்ச் சிங்கள வணிகர் கொண்டிருந்த போட்டியும் அவ்வாதத்துக்கு உதவாதவை. 1970இல் குமாரி ஜயவர்த்தனவின் ஆய்வே இப்பொருளாதாரக் காரணிகளையும், கொழும்புப் புகையிரதத் தொழிலாளரின் பங்கினையும் தெளிவாக முன்வைத்தது.

இராணுவத்தினதும் தொண்டர் படையினதும் துப்பாக்கிக்கு இரையான சாதாரண சிங்களவர் பலருக்குப் பேதிரிசுக்குக் கிடைத்த பெயரளவிலான விசாரணைதானும் கிடைக்கவில்லை. அவர்களுக்குச் சிலையுமில்லை. செல்வந்த வணிகரின் மைந்தருக்கு இழைக்கப்பட்ட அநீதி தேசத்தின் அநீதியாயிற்று. கூலியாளுக்கு இழைக்கப்பட்டது எண்ணிக்கையாயிற்று. சூறையாடப்பட்ட கடைக்காரர் அத்தேச நினைவினுள் நுழையவே இல்லை.

இதனைச் சிங்களத் தேசியவாதத்தின் குறையென்று மட்டும் கூறி நாம் ஒதுங்கிவிட முடியாது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மானிப்பாயிலிருந்து சில மைல் தொலைவிலேயே அவர்கள் விட்டுச்சென்ற சோனகதெரு இருக்கின்றது.