தோற்ற பாட்டைத் திரும்பத் திரும்பக் களமிறக்கியவர்

1968 டிசம்பர் கடைசி வாரத்துப் பில்போர்டு பட்டியலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முதலிடத்தில் மார்வின் கே பாடிய ‘ஐ ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்’. இரண்டாமிடத்தில் ஸ்டீவி வொண்டரின் ‘ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்’. இரண்டுமே டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்துப் பாடல்கள். இரண்டுமே 1967-இல் பதிவானவை. இரண்டையும் தேறாது என்று ஒதுக்கி, ஒரு வருஷத்துக்கு மேல் பெஞ்சில் உட்காரவைத்தவர் நிறுவனத்தின் முதலாளி பெரி கோர்டி. இவற்றில் ‘கிரேப்வைன்’ ஏழு வாரம் முதலிடத்தை விடவில்லை. இன்றுவரை அதைப் பற்றி எழுதுகிறவர்கள் மார்வின் கேயின் குரலையே கொண்டாடுகிறார்கள், அதில் தப்பும் இல்லை. ஆட்ட நாயகன் விருதை அவருக்கே கொடுத்துவிடலாம். ஆனால் இந்தப் பாட்டு ஒரே ஆட்டம் அல்ல, 1966-இல் தொடங்கி மூன்று வருஷம் நடந்த தொடர். அதன் நாயகன் மைக்கின் முன்னால் நிற்கவே இல்லை. தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்ட், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

ஸ்கோர்கார்டைப் பார்ப்போம். காதலி தன்னை விட்டுப் போகப்போகிறாள் என்பதை அவள் வாயால் கேட்காமல் ஊர் வாயால் கேட்கும் ஒருவனின் புலம்பல்தான் பாட்டு. விட்ஃபீல்டும் பாரெட் ஸ்ட்ராங்கும் சேர்ந்து எழுதியது. 1966 ஆகஸ்டில் ஸ்மோக்கி ராபின்சனின் மிராக்கிள்ஸ் குழு அதைப் பாடியது. கோர்டி ஏற்கவில்லை. 1967 பிப்ரவரியில் விட்ஃபீல்ட் அதே பாட்டை மார்வின் கேயிடம் கொண்டுபோனார். ஏப்ரல் வரை இழைத்து இழைத்து முடித்தார்கள். அதுவும் நிராகரிக்கப்பட்டது. கோடையில் மூன்றாவது முறையாக கிளாடிஸ் நைட் அண்ட் த பிப்ஸ் குழுவை இறக்கினார். செப்டம்பரில் அது வெளிவந்து, கறுப்பின மக்களின் இசைக்கான ஆர்&பி பட்டியலில் முதலிடமும் பொதுப் பட்டியலில் இரண்டாமிடமும் பிடித்தது. முதலிடத்துக்கு வழிவிடாமல் நின்றது மங்கீஸ் குழுவின் ‘டேட்ரீம் பிலீவர்’. வேறு யாராக இருந்தாலும் அந்த வெற்றியோடு கடையைக் கட்டியிருப்பார்கள். விட்ஃபீல்ட் விடவில்லை. மார்வின் கேயின் பதிவு 1968 ஆகஸ்டில் ‘இன் த குரூவ்’ ஆல்பத்துக்குள் ஒரு பாட்டாக நுழைந்தது. வானொலி அறிவிப்பாளர்கள் ஆல்பத்தில் இருந்த மற்றவற்றைத் தாண்டி அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். அக்டோபர் கடைசியில் நிறுவனம் வேறு வழியில்லாமல் அதைத் தனி இசைத்தட்டாக வெளியிட்டது.

ஆக, ‘மூலப் பாட்டு’, ‘கவர் பாட்டு’ என்று நாம் போடும் கோடு இங்கே செல்லாது. கடைக்கு முதலில் வந்த கிளாடிஸ் நைட் மூன்றாவதாகப் பாடியவர். ‘கவர்’ என்று பலர் நினைத்த மார்வின் கேயின் பதிவு அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. முதலில் பாடிய மிராக்கிள்ஸின் பாட்டு 1968-இல் ஓர் ஆல்பத்தின் நடுவில் சத்தமில்லாமல் வந்து போனது. யார் முதல் என்ற கேள்வி எதையும் விளக்கவில்லை. ஒவ்வொரு முறையும் எது மாற்றப்பட்டது என்ற கேள்விதான் விளக்குகிறது.

கிளாடிஸ் நைட்டிடம் மாறியது வேகமும் மனநிலையும். அரீத்தா ஃபிராங்க்ளினின் ‘ரெஸ்பெக்ட்’ அப்போது நாட்டையே ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டுக்கு ஈடுகொடுக்கும்படி டிரம்ஸும் பியானோவும் தேவாலயத்துக் கூட்டுப்பாட்டு வேகத்தில் ஓடுகின்றன. பிப்ஸ் ஒவ்வொரு வரிக்கும் பதில் கொடுக்கிறார்கள். ஏமாற்றப்பட்டவள் இங்கே அழவில்லை, கணக்குக் கேட்கிறாள். மார்வின் கேயிடம் எல்லாமே தலைகீழ். தாளம் நிதானம். சுருதி மைனர் சாயலில் இருள்கிறது. முதல் சில விநாடிகள் வெறும் எலெக்ட்ரிக் பியானோவும், பாம்பின் வால் நடுங்குவதுபோல் ஒரு டாம்பரினும்தான். அதன்பின் காற்றுக்கருவிகள் வருகின்றன. பால் ரைசர் அமைத்த தந்தி இசையை டெட்ராய்ட் சிம்பனிக் கலைஞர்கள் வாசிக்கிறார்கள். பாடகர் வாய் திறக்கும் முன்பே கேட்பவருக்கு வயிற்றில் ஏதோ புரண்டுவிடுகிறது. இதற்கு மேல் விட்ஃபீல்ட் இன்னொரு வேலையும் செய்தார்: மார்வின் கேக்குச் சௌகரியமான எல்லைக்கு மேலே சுருதியைத் தூக்கி வைத்தார். தேன் குழைத்தாற்போல் காதல் பாட்டுப் பாடிப் பழகிய குரல், உச்சஸ்தாயியை எட்ட முண்டும்போது ஓரத்தில் கிழிகிறது. அந்தக் கிழிசல்தான் பாட்டின் வலி. சந்தேகத்தில் தூக்கமில்லாமல் கிடந்தவனின் தொண்டை அப்படித்தான் இருக்கும். இது பாடகருக்குத் தானாக வந்ததல்ல, வரவழைக்கப்பட்டது. டெம்ப்டேஷன்ஸ் குழுவின் டேவிட் ரஃபினிடமும் விட்ஃபீல்ட் இதே வித்தையைக் காட்டியிருந்தார்.

முதல் மறுப்பு இங்கேயே எழும். சுருதியைத் தூக்குவது யாராலும் முடியும், தூக்கிய இடத்தில் நிற்க மார்வின் கேயால்தானே முடிந்தது? இதற்குச் சாட்சியும் உண்டு. 1985-இல் பிரிட்டனில் லீவைஸ் ஜீன்ஸுக்கு ஒரு விளம்பரம் வந்தது. சலவைக் கடையில் இளைஞர் ஒருவர் உடைகளைக் கழற்றி இயந்திரத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். பின்னணியில் ‘கிரேப்வைன்’. ஆனால் அது மார்வின் கேயின் பதிவு அல்ல, அதை அச்சாக ஒத்தி வேறொருவர் பாடியது. அதே மைனர் சுருதி, அதே அமைப்பு. விளம்பரத்தைப் பார்த்த மக்களோ கடைக்குப் போய் மார்வின் கேயின் பழைய தட்டைத்தான் வாங்கினார்கள். அவர் இறந்து இரண்டு வருஷமான 1986-இல் அது பிரிட்டிஷ் பட்டியலில் எட்டாமிடம் வரை ஏறியது. அமைப்பு மட்டும் போதும் என்றால் நகலே போதுமானதாக இருந்திருக்கும். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயிற்சியாளர் பெரியவர் என்றால் ஆட்டக்காரர் சின்னவர் என்று ஆகிவிடாது. மார்வின் கே அதே 1967-இல் டாமி டெரலுடன் இணைந்து பாடிய பாடல்கள் எதிலும் இந்தக் கிழிசல் இல்லை. குரல் அதேதான். அந்தக் குரலுக்குள் இப்படி ஓர் ஆள் இருக்கிறான் என்று கண்டுபிடித்தவர் வேறு.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. ஒரே பாட்டை நாலு பேரிடம் கொடுத்துப் பார்ப்பது மோட்டவுனில் வழக்கமே. பாட்டின் உரிமை நிறுவனத்தின் சொந்தப் பதிப்பகத்திடம் இருந்ததால், யார் பாடினாலும் காசு வீட்டுக்குள்ளேயே வந்தது. கோர்டி ஒரு காலத்தில் லிங்கன்–மெர்குரி கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அங்கே பார்த்த தரப் பரிசோதனையை இசைத்தட்டுக்கும் கொண்டுவந்து, கூட்டம் போட்டு வாக்கெடுத்துப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார். அதற்கும் முன்னால் குத்துச்சண்டை வீரர். ஜெயிப்பது யார் என்பதில் அவர் கண் சாதாரணமானதல்ல. அப்படியானால் இது அமைப்பின் வெற்றி, தனி மனிதரின் வெற்றி அல்ல என்று வாதிடலாம். ஆனால் அமைப்பு என்ன தீர்ப்புச் சொன்னது? மார்வின் கேயின் பதிவை வேண்டாம் என்றது. அமைப்பு பல வாய்ப்புகளைத் தந்தது, சரி. தோற்ற பாட்டை வேறு சட்டை போட்டுத் திரும்ப அனுப்பும் பிடிவாதம் விட்ஃபீல்டுடையது. அது ஒரே தடவை நடந்த அதிர்ஷ்டமும் அல்ல. 1972-இல் ‘பாப்பா வாஸ் எ ரோலின் ஸ்டோன்’ பாட்டை முதலில் அன்டிஸ்பியூட்டட் ட்ரூத் குழுவுக்குக் கொடுத்தார். பெரிதாக எடுபடவில்லை. அதே வருஷம் டெம்ப்டேஷன்ஸிடம் கொடுத்து, நீண்ட வாத்திய முன்னுரையோடு மறுபடி இறக்கினார். முதலிடம்.

கோர்டியைக் கேலி செய்வது சுலபம். அவருக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1967 வசந்தத்தில் மார்வின் கேயின் பதிவு வெளிவந்திருந்தால் இதே வரவேற்பு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். கிளாடிஸ் நைட் பாட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்ட பிறகு, தெரிந்த வரிகளை வேறொருவர் இருட்டில் நின்று முனகும்போது அதிர்ச்சி கூடுகிறது. தேர்வுக்குழு தப்பான காரணத்துக்காகச் சரியான நேரத்தைக் கொடுத்துவிட்டது என்றே சொல்வேன்.

பயிற்சியாளரே இல்லாமல் மார்வின் கே ஜெயிக்கவில்லையா என்றால், ஜெயித்தார். டாமி டெரல் இறந்த 1970-இல் அவர் பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு உடம்பை ஏற்றி, டெட்ராய்ட் லயன்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியில் இடம் தேடினார். அணி சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த அணியின் மெல் ஃபாரும் லெம் பார்னியும் அவருக்கு நண்பர்கள். அவர் தானே தயாரித்த ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ பாட்டின் பின்னணிப் பேச்சில் கேட்கும் குரல்களில் அந்த ஆட்டக்காரர்களுடையதும் உண்டு. அதையும் கோர்டி முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே என்பிஏ ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முன்னால், ஒரு டிரம் மெஷினை மட்டும் நம்பி அமெரிக்கத் தேசிய கீதத்தை ஆற அமரப் பாடி அரங்கையே கைதட்டவைத்தார். இவை அவரே வகுத்த ஆட்டங்கள், அவருக்கு வசதியான சுருதியில் ஆடியவை. ‘கிரேப்வைன்’ அவருக்கு வசதியில்லாத ஆட்டம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

பின்னால் வந்தவர்களில் நிலைத்தவர்கள் யார் என்று பார்த்தாலும், எது மாற்றப்பட்டது என்பதே முக்கியம் என்ற வாதம் நிற்கிறது. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் 1970-இல் அதைப் பதினோரு நிமிடத்துக்கு இழுத்தது. முதல் சில நிமிடங்கள் கச்சிதம், மீதி கிடாரின் உடல்தகுதித் தேர்வு. லண்டனின் ஸ்லிட்ஸ் பெண்கள் 1979-இல் ரெகேயும் பங்க்கும் கலந்து, பாட்டைக் கோணலாக நடக்கவிட்டார்கள். மார்வின் கேயின் சாயலே இல்லை, அதனாலேயே இன்றும் கேட்க முடிகிறது. 1986-இல் உலர்திராட்சை விளம்பரத்துக்காகக் களிமண் பொம்மைகள் ஆடியதையும் கணக்கில் சேர்க்கலாம். பாட்டைப் பாதி அமெரிக்கக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தியதே அதுதான் என்றாலும், அலச அதில் அதிகமில்லை. என் வாக்கு 1981-இல் வந்த ரோஜர் டிரவுட்மனுக்கு. கருவியின் ஓசையைக் குழாய் வழியே வாய்க்குள் செலுத்தி, அதையே பேச்சாக்கும் டாக் பாக்ஸால் குரலை இயந்திரமாக்கி, அழுகையைத் துடைத்துவிட்டு நடனத்தை வைத்தார். ஆர்&பி பட்டியலில் அதே பாட்டு மூன்றாவது ஆள் வழியாக முதலிடம் ஏறியது. தயாரிப்பும் அவரே, பாடகரும் அவரே.