‘இல்லை’ என்பதன் பொருளும் ஈச்வர சப்தத்தின் இலக்கணமும்

திருவாய்மொழி முதற்பத்தின் முதல் திருவாய்மொழியில் உள்ள ஒன்பதாம் பாசுரம், நாத்திகருக்கு விடை கூற வேண்டிய இடங்களில் இன்று பெரிதும் எடுத்தாளப்படுகிறது. உண்டு என்றாலும் இல்லை என்றாலும் எம்பெருமானுடைய உண்மையே தேறும் என்பது அதன் திரண்ட பொருள். ஆகவே கடவுள் இல்லை என்பவனும் தன் வாயாலேயே கடவுளை ஒப்புக்கொண்டான் என்று முடித்துவிடுகிறார்கள். இம்முடிவு வ்யாக்யானத்தின் கருத்துக்கு ஒத்ததா என்பது ஆராயத்தக்கது.

பாசுரத்தின் பூர்வபக்ஷி இன்னார் என்பதில் பூர்வாசார்யர்களுக்கு ஐயம் இல்லை. அவன் ஸர்வசூன்யவாதி. ஈச்வரனை மட்டும் மறுப்பவன் அல்லன். உலகும், உலகை அறியும் அறிவும், அறிவதற்குரிய ப்ரமாணமும் ஆகிய அனைத்தையும் சூன்யம் என்பவன். அவனை நோக்கி, உன் மறுப்பை எச்சொல்லால் கூறுவாய் என்று கேட்பதே வாதத்தின் நடை. நம் ஸித்தாந்தத்தில் அபாவம் என்பது வேறொரு பாவமே. குடம் இல்லை என்றால் அது ஓடாகவோ மண்ணாகவோ உளது, அல்லது வேறோர் இடத்தில் உளது என்பதே பொருள். எல்லாம் இல்லை என்பவனுக்கு இவ்வாதம் தப்ப முடியாத விடையாகிறது.

இதே வாதத்தை, உலகை ஏற்று ஈச்வரனை மட்டும் மறுப்பவனிடம் அப்படியே கொண்டுசெல்லலாகாது. ‘முயற்கொம்பு இல்லை’ என்ற வாக்கியத்தை அவன் எடுத்துக்காட்டுவான். முயல் உண்டு, கொம்பும் பசுவினிடத்தில் உண்டு, முயலுக்குக் கொம்பு என்னும் ஸம்பந்தமே மறுக்கப்படுகிறது. அவ்வாறே அறிவு உண்டு, ஆற்றல் உண்டு, அருள் உண்டு. இவை எல்லையின்றி ஒருவனிடத்தில் கூடியிருத்தல் மட்டுமே இல்லை என்று அவன் சொன்னால், பாவாந்தர வாதம் அவனைக் கட்டாது. ஆழ்வாருடைய வாக்கில் குறையில்லை. ஒரு ப்ரதிவாதிக்கு இறுத்த விடையை மற்றொருவனுக்கு எய்த நம் கையிலேயே குறை.

நாத்திகன் என்ற சொல்லும் இங்குக் கலங்கிக் கிடக்கிறது. மநு ஸ்ம்ருதியில் அது வேதத்தை நிந்திப்பவனைக் குறிக்கும். உலகைப் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதைச் ச்லோகவார்த்திகத்தில் மறுத்த குமாரிலபட்டர் ஆஸ்திகராகவே எண்ணப்படுகிறார். ஈச்வர மறுப்பும் நாத்திகமும் ஒன்றாகக் கொள்ளப்பட்டது பிற்கால வழக்கு. 1882 முதல் 1888 வரை சென்னையில் வெளிவந்த ‘தத்துவ விவேசினி’ இவ்வழக்கின் தொடக்கக் காலத்தைச் சேர்ந்தது. அவ்விதழார் மதித்த ஆங்கிலேயர் சார்லஸ் பிராட்லா இன்னும் நுட்பமான நிலையை எடுத்தார்: நாத்திகன் கடவுள் இல்லை என்று சாதிப்பவன் அல்லன், அச்சொல்லுக்குத் தெளிவான பொருள் தனக்குப் புலப்படவில்லை என்பவன். இவனிடம் ‘இல்லை என்றாயே’ என்று மடக்க வழியே இல்லை. இலக்கணம் சொல்லும் கடமை நம் மேல் விழுகிறது.

அக்கடமையை எம்பெருமானார் முன்னமே நிறைவேற்றியருளினார். ஜந்மாத்யதிகரணத்தில், உலகின் தோற்றம், நிலை, ஒடுக்கம் ஆகியவற்றுக்குக் காரணமாயிருத்தல் ப்ரஹ்மத்துக்கு லக்ஷணமாக நிலைநாட்டப்படுகிறது. ப்ரஹ்ம சப்தத்துக்கோ, குற்றம் சிறிதும் இன்றி, எண்ணற்ற கல்யாண குணங்கள் நிறைந்த புருஷோத்தமன் என்று பொருள் அருளுகிறார். அடுத்த சாஸ்த்ரயோநித்வாதிகரணமே நம் மேடைப் பேச்சாளர் மறந்தது. மலையும் கடலும் காரியம் ஆகையால் ஒரு கர்த்தா உண்டு என்ற அநுமானத்தை அங்கு அவரே தகர்க்கிறார். அவை ஒரே காலத்தில் ஒருவனால் செய்யப்பட்டன என்பதற்குச் சான்றில்லை. புண்ணிய மிகுதியால் ஆற்றல் பெற்ற ஜீவர் பலர் செய்திருக்கலாம். உடலற்றவன் ஒன்றைச் செய்ய உலகில் கண்டதில்லை. இன்றைய மறுப்பாளன் சொல்லும் தடைகளில் பல இவையே. அவற்றை ஏற்றுக்கொண்டே, சாஸ்த்ரம் ஒன்றே இங்கு ப்ரமாணம் என்று ஸித்தாந்தம் செய்தார். ஆகையால் தர்க்கத்தால் நாத்திகனை வாயடைத்தோம் என்று மகிழ்வது பாஷ்யத்துக்கே புறம்பானது.

இனி, சாஸ்த்ரத்தை ஏற்காதவனுக்கு இந்த இலக்கணம் எவ்வழியாய்ச் சென்று சேரும்? பாலாற்றங்கரையில் ஆம்பூருக்கும் வேலூருக்கும் இடைப்பட்ட மாதனூர்ப் பகுதியை எண்ணிப் பார்க்கலாம். தோல் பதனிடுதல் இவ்வட்டாரத்தின் பெருந்தொழில். தோலைத் தொடுவோரைத் தீட்டுடையோர் என்று விலக்கிய வழக்கம் நெடுங்காலத்தது. விலக்கியோர் தெய்வத்தின் பெயரையே சொல்லி விலக்கினர். பெரியார் ஈ.வெ. இராமசாமி 1973 டிசம்பர் 24 அன்று உயிர்நீத்தது இவ்வட்டாரத்து வேலூரிலேயே. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக வேண்டும் என்பது அவருடைய இறுதி ஆண்டுகளின் போராட்டம். அவர் முற்றிலும் மறுத்தவர். அவரை மறைவான பக்தர் ஆக்குவது அவருக்கும் நமக்கும் பொய். ஆயினும் அவர் மறுத்த ‘கடவுள்’ என்ற சொல்லின் பொருளில் பிறப்பால் உயர்வு தாழ்வு விதிப்பவன் என்பதும் அடங்கியிருந்தது. அப்பொருளை அவர் கற்பனை செய்யவில்லை. சுற்றிலும் நடந்ததிலிருந்து அறிந்தார்.

நம் ஆசார்யர்கள் ஸௌலப்யத்தையும் வாத்ஸல்யத்தையும் எம்பெருமானுடைய ஸ்வரூபத்தை நிரூபிப்பதில் முன்னிறுத்தினர். மாறனேரி நம்பிக்குப் பெரிய நம்பிகள் இறுதிக் கடன் செய்ததை ஸம்ப்ரதாயம் கொண்டாடுகிறது. பாகவதர்களின் பிறப்பை ஆராய்தலைப் பெருங்குற்றமாக ஸ்ரீவசனபூஷணம் கூறுகிறது. அவ்யாப்தி, அதிவ்யாப்தி, அஸம்பவம் என்று லக்ஷணத்துக்கு மூன்று குற்றம் சொல்வர். எல்லார்க்கும் எளியவன் என்று இலக்கணம் கூறிவிட்டு, அவன் வாசலில் சிலரை நிறுத்திவைத்தால், கேட்பவனுக்கு அந்த இலக்கணம் அஸம்பவமாகவே படும். ‘நீர் சொன்னது நீர் காட்டியதில் இல்லை’ என்று அவன் கூறினால், அது தர்க்கப்படி செல்லும் விடையே.

எனவே வாதத்துக்கு எழுமுன் மூன்றைத் தெளிவித்துக்கொள்ள வேண்டும்: எதிர்நிற்பவன் சூன்யவாதியா, ஈச்வரனை மட்டும் மறுப்பவனா, சொல்லின் பொருளைக் கேட்பவனா, நாம் கூறும் இலக்கணம் யாது, அதற்கு ப்ரமாணம் எது. மூன்றாமவனுக்கு விடை சொல்ல வாக்கு மட்டும் போதாது, ஆசாரமும் வேண்டும். ஒன்பதாம் பாசுரத்தைக் கேடயமாக எடுப்பதற்கு முன் முதற்பத்தின் மூன்றாம் திருவாய்மொழியையும் சேவித்தல் நன்று. அங்கு ஆழ்வார் ஈடுபட்டுக் கரைவது எம்பெருமானுடைய எளிமையில்.