பனடோலும் பள்ளி மணியும்

குழந்தைக்கு 103 டிகிரி காய்ச்சல் என்றால் யாரும் யோசிப்பதில்லை. புத்தகப் பையைக் கழற்றி வைத்துவிட்டு டாக்டரிடம் ஓடுகிறோம். சிக்கலெல்லாம் 99-க்கும் 100-க்கும் நடுவில்தான். மூக்கு ஒழுகுகிறது, ஆனால் விளையாடுகிறது. இரவு ஒருமுறை வாந்தி எடுத்தது, விடிந்ததும் இட்லி கேட்கிறது. தொட்டால் சுடுகிறது, தெர்மாமீட்டர் வைத்தால் பெரிதாக ஒன்றுமில்லை. அனுப்புவதா, நிறுத்துவதா? அடுப்பில் பால் பொங்குவதற்குள் வீடு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

பாக் நீரிணையின் இரு கரையிலும் பிள்ளைகளுக்கு வரும் நோய்கள் ஏறக்குறைய ஒன்றே. கொசுவும் ஒன்றே. கைமருந்தும் அதிகம் மாறவில்லை: இங்கே தமிழ்நாட்டில் சுக்கு மல்லிக் காபி, அங்கே இலங்கையில் மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த தண்ணீர். ஆனாலும் தீர்ப்பு ஒன்றுபோல் வருவதில்லை. குழந்தையின் உடம்பைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவைப் பள்ளி மணியும் மதியச் சோறும் அம்மாவின் வேலையும் கூடி எடுத்துவிடுகின்றன. அந்த மூன்றும் இரு நாட்டிலும் வேறு வேறு.

முதலில் மணி. இலங்கையின் அரசுப் பாடசாலைகள் காலை 7.30-க்குத் தொடங்கி மதியம் 1.30-க்கு முடிகின்றன. சின்ன வகுப்புகளை அதற்கும் முன்பே விட்டுவிடுவார்கள். தூரத்திலிருந்து வேனில் போகும் பிள்ளை என்றால் இருட்டு முழுசாக விலகுமுன்னே முடிவெடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பள்ளி ஒன்பதை ஒட்டித் தொடங்கி நாலை ஒட்டி விடுகிறது. குழந்தை எப்படி எழுந்திருக்கிறது, என்ன சாப்பிடுகிறது என்று பார்க்க இங்கே இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. ஆனால் அனுப்பிவிட்டால் முழுநாள்.

இந்த நேரக் கணக்கோடு பாரசிட்டமாலின் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். இலங்கையில் எந்தக் கம்பெனி மாத்திரையானாலும் அது பனடோல். இங்கே டோலோ, குரோசின், கால்பால். எல்லாம் ஒரே மருந்து, வேலை செய்வது நாலிலிருந்து ஆறு மணி நேரம். காலை ஆறரைக்குப் பனடோல் குடித்துப் போன பிள்ளை இடைவேளையில் மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாடும். மருந்து முற்றாக இறங்கிக் காய்ச்சல் திரும்ப ஏறுவதற்குள் வீட்டு வாசலை நெருங்கிவிடும். வகுப்பாசிரியருக்கு அந்தக் காய்ச்சல் தெரியவே வராது, பக்கத்து மேசைப் பிள்ளைக்குச் சில நாள் கழித்துத் தெரியவரும். தமிழ்நாட்டில் எட்டரைக்கு ஊற்றிய சிரப் ஒரு மணி வாக்கில் தேய்ந்துபோகிறது. சாப்பாட்டு மணி அடித்தும் எழாமல் பெஞ்சில் தலை சாய்த்திருக்கும் குழந்தையின் கழுத்தில் மிஸ் புறங்கையை வைத்துப் பார்ப்பார். வீட்டுக்குப் போன் போகும்: "காலையிலேயே இருந்துச்சாம்மா?" அம்மா சற்று யோசித்துவிட்டு, "லேசாத்தான் இருந்துச்சு மிஸ்" என்பார். மருந்தால் மறைத்து அனுப்புவது இரண்டு ஊரிலும் நடக்கிறது. தமிழ்நாட்டில் அது மதியத்தில் பிடிபடுகிறது. இலங்கையில் பெரும்பாலும் பிடிபடாமலே தப்பிவிடுகிறது.

அடுத்தது சோறு. காமராசர் காலத்தில் 1956-இல் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவாக விரிந்து, 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டத்தையும் பக்கத்தில் சேர்த்துக்கொண்டது. அரசுத் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்குக் காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, மதியம் சோறும் முட்டையும் அங்கேயே. அம்மாவும் அப்பாவும் விடியலில் வேலைக்குக் கிளம்பிவிடும் வீட்டில் லேசான சளிக்குப் பிள்ளையை நிறுத்தினால், அதற்கு இரண்டு வேளை யார் பொங்கிப் போடுவது? அனுப்பும் தாயை அலட்சியக்காரி என்று திட்டுவது சுலபம். அவள் கணக்கில் பள்ளிதான் அன்றைக்கு அடுப்பு எரியும் இடம். இலங்கையிலும் ஆரம்பப் பிரிவுக்கு உணவுத் திட்டம் உண்டு. ஆனால் 1.30-க்குப் பாடசாலை விடுவதால் மதியச் சோறு பெரும்பாலும் வீட்டுச் சோறுதான். நிறுத்துவதா என்ற கேள்வியில் உணவு அங்கே இவ்வளவு கனமாக உட்காருவதில்லை.

மூன்றாவது, வீட்டில் யார் இருப்பது. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு, இலங்கை அரச ஊழியருக்கு 21 நாள். இலங்கையில் கடை, காரியாலயச் சட்டத்துக்குள் வரும் தனியார் ஊழியருக்கு 7 நாள். மழைக்காலத்தில் இரண்டு பிள்ளைகள் மாறி மாறிப் படுத்தால் இவை பஞ்சாய்ப் பறந்துவிடும். இந்த நாட்கள்கூட இல்லாதவர்கள்தான் பெரும்பான்மை. மலையகத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்துக்குப் போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது நாள்கூலி, விழாது. பாதியில் திரும்பினால் அரைப்பேர். கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், விடலாம். காய்ச்சலோடு இருக்கும் மூன்றாம் வகுப்புப் பையனுக்கு அங்கே இடமில்லை. யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவோ அப்பம்மாவோ இருக்கும் வீடு பிழைத்துக்கொள்கிறது, மதுரைப் பக்கத்தில் அம்மாச்சி இருக்கும் வீடும் அப்படியே. கிழவியும் இல்லாத வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா நிறுத்தப்படுகிறாள். ஒரு காய்ச்சலுக்கு இரண்டு பேர் வராமை. இரண்டாவது பெயர் பெரும்பாலும் பெண்பிள்ளையுடையது. வருகைப் பதிவேட்டில் இது தெரியாது.

இந்தத் தடுமாற்றம் எதுவும் இல்லாத நோய் ஒன்று உண்டு. அம்மை. அதில் இரு கரையும் ஒரே சொல். வாசலில் வேப்பிலை ஏறிவிட்டால் பரீட்சையாவது, சத்துணவாவது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை, யாழ்ப்பாணத்தார் சொல்வதுபோல் தோய வார்க்கும்வரை, பிள்ளை படியைத் தாண்டாது. சின்னம்மைக் கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை பிறருக்கு ஒட்டும் என்கிறது மருத்துவம். நம் வழக்கம் அதற்குக் குறையாமல்தான் காக்க வைக்கிறது. மெட்ராஸ் ஐ வந்தாலும் அப்படியே. கண் சிவந்ததற்காகப் பிள்ளையை நிறுத்தத் தேவையில்லை என்பது பிரிட்டனின் பள்ளி நெறி. ஒரே பெஞ்சில் மூன்று நாலு பேர் இடித்துக்கொண்டு உட்காரும் வகுப்புக்கு நம்முடைய கண்டிப்பே பொருந்தும். கண்ணுக்குத் தெரியும் நோயில் நாம் மருத்துவத்தைவிடக் கறார். கண்ணுக்குத் தெரியாததில், அதாவது மாத்திரையால் அமுங்கிய காய்ச்சலிலும், "ஒரு தரம்தானே போச்சு" என்று சொல்லும் வயிற்றோட்டத்திலும், இரு ஊருமே தாராளம்.

தாராளத்துக்கு வருகைப் பதிவேடும் ஒரு காரணம். இந்தியாவில் சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வுக்கு 75 சதவீத வருகை கேட்கிறது. இலங்கையில் பாடசாலை மூலம் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்ற 80 வீத வரவு விதி. இவை பெரிய பிள்ளைகளுக்கானவை. சின்னப் பிள்ளைகளை உலுக்குவது இலங்கையின் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. பத்து வயதில் அது வருகிற ஆண்டில் தடிமன், இருமல் எல்லாம் நோய்க் கணக்கிலேயே சேராது. காலையில் பாடசாலைக்கு விடாத பிள்ளையைப் பின்னேரம் ரியூசனுக்கு ஏற்றிப் போகும் தகப்பனையும் அங்கே காணலாம். தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பி 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். இங்கே பத்து வயதுக் குழந்தை சளிக்கு ஒருநாள் படுத்தால் வீடு இடிந்துவிடாது.

தமிழ்நாட்டுக்கு வேறொரு வியாதி: லீவ் லெட்டர். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்ற வாசகம் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம். மாமா கல்யாணத்துக்கும் ஃபீவர், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினாலும் ஃபீவர். நிஜமாகவே வகுப்பில் நாலைந்து பேருக்குக் காய்ச்சல் கண்டால், அந்தக் கடிதக் கட்டிலிருந்து ஆசிரியர் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அரசுகள் என்ன செய்கின்றன? இந்தியாவின் கொள்ளைநோய்ச் சட்டமும் இலங்கையின் தொற்றுத்தடைக் கட்டளைச் சட்டமும் சொல்லிவைத்ததுபோல் 1897-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் சட்டங்கள். பிளேக் காலத்துக் கருவிகள் அவை; காலை ஆறு மணிச் சளிக்கு அவற்றில் விடையில்லை. ஆனால் இலங்கையில் சின்னமுத்தோ (தட்டம்மை) கூகைக்கட்டோ (பொன்னுக்கு வீங்கி) டெங்குவோ என்று வைத்தியர் கண்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவிக்க வேண்டும். அங்கிருந்து பி.எச்.ஐ. எனும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வருவார். தமிழ்நாட்டின் பலம் கூட்டமாகத் திரட்டுவதில். 2023 மார்ச்சில் இன்ஃப்ளுயன்சா பரவியபோது ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம்கள் நடந்தன. அதே மாதம் புதுச்சேரி எட்டாம் வகுப்புவரை விடுமுறையே விட்டது. அங்கே வீட்டுக்கு ஒருவர் வருகிறார், இங்கே தெருவுக்கு முகாம் வருகிறது.

டெங்கு இந்த ஒப்பீட்டுக்கு ஒரு கூர்மை கொடுக்கிறது. 2017-இல் இலங்கையில் டெங்கு என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் 1,86,000-ஐத் தாண்டினார்கள். அதற்குப் பிறகு காய்ச்சல் என்றாலே மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை என்பது அங்கே பல வீடுகளில் ஊறிப்போன பழக்கம். "மிஸ், இவனுக்கு ராவெல்லாம் காய்ச்சல், இண்டைக்கு அனுப்பேல்லை. நாளைக்கு ரத்தம் சோதிக்கப் போறம்" என்று சொல்லும் குரலில் பதற்றத்தைவிடப் பழக்கமே அதிகம்.

மருந்தில்லாமல் காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகியிருந்தால் அனுப்பலாம் என்பது பல இடங்களில் சொல்லும் எளிய விதி. சளிக்கும் ஃப்ளூவுக்கும் அது போதும், டெங்கு நடமாடும் ஊருக்குப் போதாது. டெங்குவில் ஆபத்தான கட்டமே காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. "விட்டுடுச்சு, நாளைக்குப் போகலாம்" என்று நாம் மூச்சு விடும் அதே நாளில் குழந்தைக்கு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு, சிறுநீர் குறைவது என்று ஏதாவது தலைகாட்டினால், போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. மழைக்காலத்தில் காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் கண்முன்னே வைத்திருப்பது தேவையான எச்சரிக்கை.

அன்றாடத்துக்கு விதி சுருக்கமானது. காய்ச்சலில்லாத வெறும் சளிக்குப் போகலாம். வாந்தியும் பேதியும் நின்று ஒருநாளாவது ஆக வேண்டும். மாத்திரை கொடுத்தால்தான் அனுப்ப முடியும் என்ற நிலை என்றால் அனுப்பக் கூடாது.

இதை வீட்டின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. காய்ச்சலைப் பற்றிய கேள்வி இலங்கையில் இடைவேளைக்கு முன்பே வகுப்பறையில் எழ வேண்டும். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை தமிழ்நாட்டுத் தாய்க்கும் பழக்கமாக வேண்டும். நூறு சதவீத வருகைக்கு மேடையேற்றிப் பரிசு கொடுப்பதை இரண்டு ஊரும் நிறுத்தலாம். பரிசளிப்பு விழாவில் கைதட்டு வாங்கும் அந்தப் பிள்ளை, எந்தெந்த நாள் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருந்தது என்று யாரும் கேட்பதில்லை. படுத்த பிள்ளைக்கு விடுபட்ட பாடத்தை மறுநாள் அரைமணி உட்கார்த்திச் சொல்லிக் கொடுக்க ஒரு ஆசிரியருக்கு நேரம் ஒதுக்கினால், காலையில் மாத்திரைப் பட்டையைத் தேடும் கைகள் பாதியாகக் குறையும்.