தங்கிய இடமும் எழுதிய குறிப்பும்

நாவல் விமர்சனத்தை நம்பி ஏமாந்தவனுக்குப் புத்தகத்தின் விலைதான் நஷ்டம். விடுதி விமர்சனத்தை நம்பி ஏமாந்தவனுக்கோ ஓர் இரவே நஷ்டம். அதுவும் தெரியாத ஊரில், கையில் பெட்டியோடு, குழந்தைகள் தூங்கி விழுகிற நேரத்தில். ஆனாலும் முன்னதற்கு இருக்கிற கௌரவம் பின்னதற்கு இல்லை. அதை ஓர் எழுத்தாகவே யாரும் மதிப்பதில்லை. மதிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்தத் துறைக்கும் முன்னோர்கள் உண்டு. ஜெர்மனியில் கார்ல் பேடெக்கர் என்ற பதிப்பாளர் பிரயாணிகளுக்கான கைப்புத்தகங்களை வெளியிட்டார். சிறப்பானவற்றுக்கு நட்சத்திரக் குறி இடும் வழக்கத்தை 1840களில் கைக்கொண்டவர் அவர். அவருடைய நிறுவனம் விளம்பரங்களை ஏற்பதில்லை என்று முன்னுரையிலேயே ஹோட்டல்காரர்களுக்கு அறிவித்து வந்தது. குறிப்பு எழுதுகிறவனுக்கு வேண்டிய முதல் யோக்கியதை அதுதான். இன்று நட்சத்திரம் போடாதவர் இல்லை. வாடகையில் சலுகை பெற்றுக்கொண்டு போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் பேடெக்கரைவிட நான் உயர்வாக நினைக்கும் புத்தகம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கறுப்பர்களுக்கு அறை தர மறுத்த ஹோட்டல்கள் ஏராளமாக இருந்த காலம். இருட்டிய பிறகு அவர்கள் இருக்கவே கூடாது என்ற ஊர்களும் இருந்தன. நியூயார்க்கில் ஹார்லம் பகுதியில் வசித்த விக்டர் கிரீன் என்ற தபால் ஊழியர், தம் மக்கள் பயமில்லாமல் தங்கக்கூடிய இடங்களைத் தொகுத்து 1936இல் வெளியிட ஆரம்பித்தார். 'கிரீன் புக்' என்று அதற்குப் பெயர். வாசகர்களே தங்களுக்குத் தெரிந்த இடங்களை எழுதி அனுப்பினார்கள். ஹோட்டல் இல்லாத ஊர்களில் அறை தரும் வீடுகளும் அதில் இடம்பெற்றன. 1964ஆம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டம் ஹோட்டல்களில் நிறபேதத்தைத் தடை செய்தது. 1966-67 பதிப்போடு புத்தகம் நின்றது. தனக்குத் தேவையில்லாத நாள் வரவேண்டும் என்று விரும்பி முன்னுரை எழுதிக்கொண்ட புத்தகம் அது.

இலக்கிய நயம் என்று தேடினால் அதில் ஒன்றுமில்லை. பெரும்பாலும் பெயரும் விலாசமும்தான். ஆனால் படிக்கப்போகிறவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து எழுதிய வரிகள் அவை. நம்முடைய குறிப்புகளில் இல்லாதது இதுதான்.

'பிரமாதம்', 'படுமோசம்', 'பரவாயில்லை' என்கிறோம். இவற்றால் நம் மனநிலை தெரிகிறதே தவிர அறை தெரிவதில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது, விடியற்காலை நாலு மணிக்கே ஹாரன் சத்தம் கேட்கும் என்று எழுதினால், முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் அங்கே போவார். தூக்கம் வேண்டியவர் விலகிக்கொள்வார். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது என்ற ஒரு வரி முழங்கால் வலிக்காரருக்கு எத்தனை பெரிய உபகாரம்! எந்த மாதத்தில் தங்கினோம், யாரோடு தங்கினோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சித்திரையில் கொதிக்கிற அறை மார்கழியில் சுகமாக இருக்கும்.

குறை சொல்லும்போது நிதானம் வேண்டும். குழாயில் தண்ணீர் வராதது ஒரு நாள் விபத்தா, தினசரி வழக்கமா? மானேஜரிடம் சொன்னோமா? சொன்னதும் அவர் என்ன செய்தார்? அதையும் எழுதுவதே நியாயம். காபியைத் தாமதமாகக் கொண்டுவந்த பையனின் பெயரை எழுதுவதால் அடுத்த பிரயாணிக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை; அவன் பிழைப்புத்தான் போகும்.

அதே சமயம், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது தயை ஆகாது. தனியாக வந்த பெண்ணுக்கு அறை இல்லை என்று கைவிரிக்கும் லாட்ஜுகள் நம் ஊர்களில் இன்றும் உண்டு. அறை கொடுத்தாலும், தாழ்ப்பாள் சரியாக விழாத கதவுகள் உண்டு. இரவு பத்து மணிக்கு ரயிலைவிட்டு இறங்கப்போகிற அவளுக்கு நம்முடைய நட்சத்திரங்களால் என்ன ஆகப்போகிறது? கேள்வி கேட்காமல் அறை கொடுத்தார்களா, கதவு உள்ளே தாழிடுகிறதா என்று இரண்டு வரி எழுதுங்கள். திரைச்சீலையின் அழகை இடமிருந்தால் பிறகு எழுதிக்கொள்ளலாம்.