யந்திரத்தைத் தொடாத கதைகள்

திருப்பூரில் ரயிலை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் காதர்பேட்டை வந்துவிடும். வெளிநாட்டுக்கென்று தைத்து, ஏதோ ஒரு காரணத்தால் கப்பல் ஏறாமல் தங்கிவிட்ட பனியன்களும் டீ-ஷர்ட்டுகளும் அங்கே குவியல் குவியலாக விற்கின்றன. தையல் ஒரு நூல் கோணியிருக்கும். சாயம் சற்றே மாறியிருக்கும். அல்லது ஆர்டருக்கு மேல் அதிகமாகத் தைத்திருப்பார்கள். ஒருவன் வேண்டாம் என்று தள்ளியதை இன்னொருவன் ஆசையோடு எடுத்துப் போகிற கடைத்தெரு அது. மோட்டார் வண்டிகளுக்கு இதே காரியத்தைச் சென்னையில் புதுப்பேட்டை செய்கிறது. நசுங்கிய காரிலிருந்து இறக்கிய எஞ்சினும் கியர் பாக்ஸும் அங்கே வேறொரு வண்டிக்காகக் காத்துக் கிடக்கின்றன. இந்த இரண்டு பேட்டைகளையும் சேர்த்து நினைக்கிறபோது நம் கதாசிரியர்கள்பேரில் எனக்கு ஒரு குறை உண்டாகிறது. பழைய இரும்புக் கடையை அவர்கள் சுடுகாடாகவே பார்த்துப் பழகிவிட்டார்கள்.

கிழட்டு வண்டியைப் பற்றி நம் தேசத்தில் உருவான கலைப் படைப்புகளில் முதலில் சொல்ல வேண்டியது 'அஜாந்திரிக்'. வங்காளத்தில் சுபோத் கோஷ் எழுதிய சிறுகதை. ரித்விக் கட்டக் 1958-ல் அதைப் படமாக எடுத்தார். பிமல் என்ற டாக்ஸிக்காரன். ஜகத்தல் என்று அவன் பெயரிட்டிருக்கும் ஓட்டை ஷெவர்லே. அவனுக்கு வேறு துணை இல்லை. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினால் தாகம் தீரக் குடிக்கிற சப்தம் அதிலிருந்து எழும். கேலி செய்கிறவர்களோடு அவன் சண்டைக்குப் போவான். கடைசியில் கையிலிருந்த காசையெல்லாம் போட்டுப் புதுப் பாகங்கள் வாங்கி மாட்டியும் வண்டி பிழைக்கவில்லை. பழைய இரும்புக்காரனிடம் போய்விடுகிறது. கழற்றிப் போட்ட ஹாரனை ஒரு குழந்தை அமுக்கி விளையாட, பிமல் கண்ணீரோடு சிரிக்கிறான்.

மகத்தான படம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தலைப்பையே பாருங்கள்: யந்திரம் அல்லாதது என்று அர்த்தம். யந்திரத்தை நேசிக்க வேண்டுமானால் முதலில் அதை மனுஷியாக்கிவிட வேண்டும் என்று கதை ஒப்புக்கொண்டு விடுகிறது. மனுஷியானால் சாவும் உண்டு, ஒப்பாரியும் உண்டு. நிஜமான பட்டறைக்காரன் அந்தக் கட்டத்தில் அழமாட்டான். சேசிஸ் நன்றாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பான். வேறு எந்த எஞ்சின் இதற்குள் உட்காரும் என்று டேப்பை எடுப்பான். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் அம்பாஸடரின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு மாட்டடோர் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றி ஓட்டினவர்கள் நம்மிடையே உண்டு. சப்தம் லாரி மாதிரி வரும். அதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை.

வெளிநாட்டிலும் இந்தப் பைத்தியம் உண்டு. படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்கான வோக்ஸ்வாகன் வேன் ஒன்று 1979-ல் வந்தது. எஞ்சின் அதற்குப் பின்பக்கம். பின்னால் அதில் வைத்த, தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்குத் தலைப்பகுதியில் ஒழுகும் வியாதி. ஆகவே ஜப்பானிய சுபாரு காரின் எஞ்சினைப் பழைய வண்டியிலிருந்து கழற்றி வந்து, வீட்டு ஷெட்டிலேயே வைத்து ஏற்றுகிறார்கள். இரண்டிலும் சிலிண்டர்கள் இரு பக்கமும் எதிரெதிராகப் படுத்திருப்பதால் சம்பந்தம் பேசுவது சுலபம். கல்யாணச் செலவுதான் ஜாஸ்தி. எஞ்சினும் கியர் பாக்ஸும் கை கோக்க நடுவில் ஒரு தகடு கடைந்து வைக்க வேண்டும். எண்ணெய்த் தொட்டி தரையைத் தொடுகிற அளவுக்குத் தொங்கும். அதை வெட்டிக் குறைக்க வேண்டும். ரேடியேட்டர் வண்டியின் மூக்கில் இருப்பதால் தண்ணீர்க் குழாய்கள் முழு நீளத்துக்கும் ஓடும். அதற்குள் காற்று அடைத்துக்கொண்டால் எஞ்சின் கொதித்துவிடும். சுபாருவின் ஒயர் மூட்டையிலிருந்து வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்கப் பல ராத்திரிகள் போகும். இதில் எங்கே கதை இல்லை என்கிறீர்கள்?

நம் பழங்கதையில் இதற்கு முன்மாதிரியே இருக்கிறது. மேய்ப்பன் மூலன் செத்துக் கிடக்கிறான். பசுக்கள் சுற்றி நின்று கதறுகின்றன. அவற்றின் துக்கம் தாளாமல் ஒரு யோகி அந்த உடம்புக்குள் புகுந்து எழுந்துவிடுகிறார். திருமூலர் ஆன கதை. மூலனுடைய மனைவி ஓடி வந்து உரிமையோடு கையைப் பிடிக்கப் போக, அவர் விலகுகிறார். எழுந்து நிற்பது யார்? பசுக்கள் அதைக் கேட்கவில்லை, அவள் கேட்டாள். மனசைத் தைக்கிற இடம் அதுதான். எஞ்சின் மாற்றிய வண்டிக்காரனிடம் இன்று அந்தக் கேள்வியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் கேட்கிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அப்படிச் சுலபமாக உயிர் மாற்ற விடுவதில்லை. பதிவுப் புத்தகத்திலே சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன அல்லவா?

அமெரிக்கரான ராபர்ட் பிர்ஸிக் மோட்டார் சைக்கிளை வைத்து 1974-ல் எழுதிய நாவலில் ஒரு சின்ன நிகழ்ச்சி வருகிறது. நண்பனுடைய விலை உயர்ந்த ஜெர்மன் வண்டியில் கைப்பிடி நழுவுகிறது. காலி பீர் டின்னிலிருந்து ஒரு பட்டை கத்தரித்து இடையில் செருகினால் சரியாகிவிடும் என்கிறான் கதை சொல்கிறவன். அலுமினியத் தகடு அந்த வேலைக்குக் கச்சிதமானது. நண்பனுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. என் வண்டிக்குக் குப்பைத் தகரமா! அவன் கௌரவத்தைப் பார்க்கிறான். இவன் உலோகத்தைப் பார்க்கிறான். பிறகு ஆசிரியர் தத்துவத்துக்குள் போய் வெகு நேரம் திரும்பி வருவதில்லை. அந்தப் பக்கங்களை நான் தள்ளித்தான் படித்தேன். ஆனால் அந்த டின் தகடு ஒன்றுக்காகவே நாவலை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தமிழில் 2014-ல் வந்த 'பண்ணையாரும் பத்மினியும்' படம் இதமானது. பார்த்தவர்கள் வருத்தப்பட மாட்டார்கள். அங்கேயும் கார் செல்லப் பெண்தான். விஷயம் அதைச் சுற்றி நிற்கிற மனிதர்களின் ஆசை. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு வாலிபத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டார் என்பதை இந்த ஜில்லாவில் யாரும் சொல்வார்கள். சாமர்த்தியத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். கழற்றின பாகங்கள் தரையில் பரப்பிக் கிடந்த முதல் ராத்திரி அந்த வாலிபனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எழுத ஒரு நாவலாசிரியன் வேண்டும்.

எழுத முடியாத விஷயமில்லை. சாயப்பட்டறைகள் நொய்யலுக்குச் செய்ததைச் சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை'யாக எழுதியிருக்கிறார். சாயத்தை அறிந்த எழுத்து இந்த ஊரிலிருந்து வந்தது போல லேத்தை அறிந்த எழுத்தும் வரலாம். மாட்டடோர் ஒன்றின் எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டு, நாலு மவுண்டிங் துளைகளில் மூன்று பொருந்தி ஒன்று மட்டும் கால் அங்குலம் விலகி நிற்கிறபோது, கீழே படுத்திருக்கிறவனும் மேலே சங்கிலியைப் பிடித்திருக்கிறவனும் என்ன பேசிக்கொள்வார்கள்? அவர்கள் அண்ணன் தம்பிகளாக இருந்து, ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்களாகவும் இருந்தால்?