அருகிருப்பாரைக் கேளாத கருவி

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து பேணுவோரையும் ஒரு கூறாக வைத்தார். வீட்டிலேயே நோயாளரைப் பேணுதற்கென உருவாகும் மின்னியல் கருவிகளை இவ்வளவுகோல் கொண்டே திறனாய்தல் வேண்டும்.

நம் நாட்டில் 2020 ஏப்ரலில் மைசெஜாதெரா செயலி அறிமுகமாயிற்று. கோவிட்-19 பெருந்தொற்றின்போது வீட்டில் தனித்திருந்த நோயாளர் பலர் தம் உடல்நிலையை அதன்வழி நாள்தோறும் தெரிவித்தனர். தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர்க்கு இல்லம் தேடி மருந்து வழங்குகிறது. மருத்துவம் வாயிலுக்கு வந்துவிட்டது. ஆயின், வீட்டின் மொழியை அறிந்து வருகிறதா?

பீடோங் தோட்டப்புறத்து முதியவர் ஒருவரை, “மயக்கம் உண்டா?” என்று வினவிப் பாருங்கள். தலைசுற்றலும் அவருக்கு மயக்கமே, நினைவிழத்தலும் மயக்கமே. ‘உடம்பு சூடு’ என அவர் கூறுவது காய்ச்சலாகவும் இருக்கலாம். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் தணியும் என அவர் நம்பும் வெம்மையாகவும் இருக்கலாம். ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரு கட்டங்களுள் எதனைத் தொட்டாலும் மருத்துவருக்குத் தெளிவான செய்தி சென்று சேராது. அகராதியைப் புரட்டித் தீர்க்கக்கூடிய குறையன்று இது.

இனி, அக்கட்டத்தைத் தொடும் விரல் யாருடையது? பெற்றோர் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ பணிபுரிய, பாட்டியின் கைப்பேசியைத் திறந்து படித்துக் காட்டுபவர் நம் ஐந்தாம் ஆண்டு மாணவராக இருப்பதை நான் கண்டிருக்கிறேன். இன்சுலின் அளவைப் படித்துச் சொல்லும் பொறுப்பும் அப்பிஞ்சுத் தோளில் விழக்கூடும். நோயாளியை மட்டுமே பயனராக எண்ணி வடித்த கருவியின் கண்ணுக்கு இக்குழந்தை தெரிவதில்லை.

கருவியை வடிப்போர் கருத்துக் கேட்பதில்லையா எனலாம். கேட்கலாம், ஆயினும் கேட்கும் முறையில்தான் பிழை நேர்கிறது. “கருவி எப்படி?” என்றால், வீடு தேடி வந்தவர் மனம் நோகலாகாதென்று, “நல்லா இருக்குங்க ஐயா” என்பார் நம் முதியவர். ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்றது யாது? “புரிந்ததா?” என வினவினால் வகுப்பு முழுதும் தலையசைக்கும், செய்துகாட்டச் சொன்னால்தான் உண்மை வெளிப்படும். பன்னாட்டுத் தர அமைப்பு 2010இல் வெளியிட்டு 2019இல் திருத்திய 9241-210ஆம் நெறியும், பயனரையும் அவர்தம் பணியையும் சூழலையும் அறிவதனையே வடிவமைப்பின் அடிப்படையாகக் கொள்கிறது. அடுக்களை ஓரத்தில் ஒரு பொழுது அமர்ந்து, மாத்திரை எங்கே இருக்கிறது, யார் எடுத்துத் தருகிறார், எப்போது மறக்கிறார் எனப் பார்த்தலே அவ்வாய்வு.

இதில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு. முதியோர் நாவில் வழங்கும் நோய்ச்சொற்களை, அவை வழங்கும் பொருளோடு மாணவர் தொகுக்கட்டும். செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நம் அண்மையிலேயே உள்ளது. மருத்துவம் பயில்வோர் கையில் அத்தொகுப்பைக் கொடுப்போம். நான்காம் கூறாகிய அருகிருப்பாரை வள்ளுவர் மறந்தாரல்லர்; கருவி வடிப்போரும் மறவாதிருக்க வழிசெய்வோம்.