ஒளித்து வைத்த துக்கம்: ‘விக்ரம்’ படத்தின் தகப்பன்

மகனைப் பறிகொடுத்த தகப்பன் பழிதீர்க்கக் கிளம்பும் கதையை எடுப்பவர் முதலில் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்: அவனுடைய துக்கத்தைப் பார்வையாளருக்கு எப்போது காட்டுவது? லோகேஷ் கனகராஜின் ‘விக்ரம்’ (2022) அதை இடைவேளை வரை ஒளித்து வைக்கிறது. படத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரே முடிவிலிருந்துதான் பிறக்கின்றன.

போதைத் தடுப்பு அதிகாரி பிரபஞ்சன் கொல்லப்படுகிறான். அவனுடைய தந்தை கர்ணனையும் (கமல்ஹாசன்) முகமூடிக் கும்பல் ஒன்று கொன்றுவிட்டதாக நம்பவைக்கிறார்கள். விசாரிக்க வரும் அமர் (பகத் பாசில்) வழியாகத்தான் கர்ணனை நாம் அறிகிறோம். குடிகாரன், போதைக்கு அடிமை, பெண்பித்தன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். முதல் பாதியில் கமல்ஹாசன் மற்றவர்களுடைய நினைவுத் துணுக்குகளாகவே வருகிறார். ஒரு பெரிய நட்சத்திரம் தன் படத்தில் பாதி நேரம் ஒதுங்கி நிற்பது தமிழில் அரிது. இந்த உத்திக்கு ஓர் உண்மையும் துணை நிற்கிறது. பிள்ளையை இழந்த மனிதனை ஊர் இப்படித்தான் தப்பாகப் படிக்கும். உடைந்துபோனவன் என்று எல்லோரும் கைவிட்ட ஆள் உள்ளுக்குள் முழு விழிப்போடு இருந்தான் என்று தெரியும்போது, கதையின் திருப்பம் அந்த மனிதனைப் பற்றிய கண்டுபிடிப்பாகவும் ஆகிவிடுகிறது.

இன்னொரு பலம் பேரக்குழந்தை. இதயக் கோளாறோடு பிறந்த அந்தப் பிஞ்சுக்குச் சத்தம் ஆகாது. துப்பாக்கிச் சத்தத்தை நம்பி ஓடும் படத்துக்குள் சத்தமே ஆபத்தாக மாறும் இப்படியொரு நிபந்தனையை வைத்தது நல்ல திரைக்கதை அறிவு. குழந்தைக்காகப் பதறும் இடங்களில்தான் கமலின் முகத்தில் மகனை இழந்தவனைப் பார்க்கிறேன். மற்ற இடங்களில் தெரிவது, கர்ணன் என்ற பெயருக்குள் ஒளிந்திருந்த பழைய உளவுப்படை வீரன் விக்ரம்தான். குழந்தை இருக்கும் வீட்டில் வேலைக்காரியாக இருந்த ஏஜென்ட் டீனா தன்னை வெளிப்படுத்தும் சண்டைக்கு அரங்கம் அதிர்ந்ததும் நியாயமே. அதற்கும் காரணம், அந்த வீட்டுக்குள் காப்பாற்றப்பட வேண்டிய ஓர் உயிர் இருப்பதுதான்.

ஆனால், செத்தவன் எங்கே? பிரபஞ்சன் நேர்மையானவன், கடமையைச் செய்தான், கொல்லப்பட்டான். படம் முடியும்போதும் அதற்கு மேல் அவனைப் பற்றி அநேகமாக எதுவும் தெரிவதில்லை. அப்பனும் மகனும் சேர்ந்து சாப்பிட்டார்களா, எதற்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள், மகனுக்கு அப்பாவின் கடந்தகாலம் எவ்வளவு தெரியும்? துக்கத்தை ஒளிக்க வேண்டியிருந்ததால் உறவையும் சேர்த்தே ஒளிக்க வேண்டியதாயிற்று. இடைவேளைக்குப் பிறகு அதை நிரப்ப நேரம் இருந்தது. அந்த நேரம் போதைக் கடத்தல் வில்லன் சந்தனத்தின் காணாமல்போன சரக்குக்கும், இயந்திரத் துப்பாக்கிக்கும், பீரங்கிக்கும் போய்விட்டது. இது வெறும் பழிவாங்கல் அல்ல, போதையில்லாத சமூகத்துக்கான போர் என்று நாயகனே சொல்லும்போது மகன் இன்னும் தூரமாகப் போகிறான். சொந்த இழப்பை மட்டும் வைத்து இவ்வளவு ரத்தத்தை நியாயப்படுத்தப் படத்துக்கே தைரியம் வரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இதே கமல் 1994-இல் இன்னொரு தகப்பனாக நடித்தார். ‘மகாநதி’யின் கிருஷ்ணசாமி கும்பகோணம் பக்கத்துக் கிராமத்து ஆள், சீட்டுக் கம்பெனி ஆசையில் ஏமாந்து சிறைக்குப் போகிறான். மகள் காவேரியைக் கல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதியான சோனாகாச்சியில் கண்டுபிடிக்கிறான். அந்தப் படம் எதையும் ஒளிப்பதில்லை. வீடு, ஆறு, பிள்ளைகள் எல்லாவற்றையும் முதலில் நம் கையில் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறது. மீட்டு வந்த பிறகு காவேரி தூக்கத்தில் பிதற்றும் காட்சியைப் பாருங்கள். அடி இல்லை, வெட்டு இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் அப்பனுக்கு அதற்குப் பிறகு எந்தத் தண்டனையும் பெரிதாகத் தெரியாது. கடைசிப் பழிவாங்கலில் அந்தப் படமும் தன் நிதானத்தை இழக்கிறது. ஆனாலும் அவன் ஏன் அந்த இடத்துக்கு வந்தான் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதை இயக்கிய சந்தானபாரதிதான் ‘விக்ரம்’ படத்தில் ஏஜென்ட் உப்பிலியப்பனாக வருகிறார் என்பதால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஒளிக்கும் உத்தி இப்போது பழக்கமாகிவிட்டது. நித்திலன் சாமிநாதனின் ‘மகாராஜா’ (2024) இன்னும் துணிந்து, காணாமல்போன குப்பைத்தொட்டியைப் பற்றிய புகாராக ஒரு மகளுக்கு நேர்ந்த கொடுமையை மூடி வைக்கிறது. வன்கொடுமையைப் புதிருக்கான விடையாகப் பயன்படுத்துவது எனக்கு உறுத்துகிறது. ஆனால் அதன் முடிவில் அந்த மகள் ஜோதி தானே எழுந்து வந்து குற்றவாளியை நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிறாள். பாதிக்கப்பட்டவளுக்குக் குரல் கிடைத்ததால் அந்தப் படம் ஓரளவு தன் கடனைத் தீர்க்கிறது.

‘விக்ரம்’ அதைச் செய்வதில்லை. பிரபஞ்சனின் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு மட்டுமே இருக்கிறாள். அமரின் மனைவி காயத்ரி, அமருக்கும் ஒரு பழி வேண்டும் என்பதற்காகவே சாகிறாள். கடைசி நிமிடங்களில் சந்தனத்தின் முதலாளி ரோலக்ஸாகச் சூர்யா வருகிறார், விக்ரமின் தலைக்கு விலை வைக்கிறார், அரங்கம் கொண்டாடுகிறது. நடிப்பில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த நிமிடங்கள் அடுத்த படத்துக்கு உரியவை. பிரபஞ்சனின் பெயர் அதற்கு வெகு முன்பே கதையிலிருந்து விழுந்துவிட்டது.